திரை தானாகத் திறந்த வீடு

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு பங்களாவுக்கு உள்அலங்கார வேலை செய்து கொடுத்தேன். மகன் அமெரிக்காவில். கணவரை இழந்த அம்மா மட்டும் அங்கே தனியாக இருக்கப் போகிறார். வீட்டுக்குள்ளேயே லிஃப்ட், இத்தாலிய மார்பிள், வாயால் சொன்னால் எரியும் விளக்குகள், தெருச் சத்தம் உள்ளே வராத கண்ணாடி ஜன்னல்கள். தனியாள் என்று திருடர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, காலை ஆறு மணிக்குத் திரைகள் தானாக விலகும்படியும் மாலையில் விளக்குகள் தானாக எரியும்படியும் செய்திருந்தேன்.

"எப்பவும் வீடு நிறைய ஆள் இருக்கற மாதிரியே தெரியும்மா" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மா லேசாகச் சிரித்தார்.

அடுத்த வருடம், வீட்டைப் படமெடுக்க அனுமதி கேட்டு அவருக்கு போன் செய்தேன். இரண்டு நாளாக எடுக்கவில்லை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு வேலையாக வந்தவள், அப்படியே காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். பெல் அடித்தும் பதில் இல்லை. வேலை நடந்தபோது எனக்குத் தந்திருந்த பழைய ரகசிய எண்ணைப் பூட்டில் அழுத்தியதும் கதவு திறந்தது.

மாடியில் கட்டிலை ஒட்டி, தரையில் கிடந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. போன் கீழே சமையலறையில். "தண்ணி" என்று மட்டும் உதடு அசைந்தது.

நான் வாசலுக்கு ஓடிக் கத்தியதும், எதிரே பூ விற்கும் பெண்தான் ஓடி வந்து கைகொடுத்தாள். ஆட்டோவில் அவரை மடியில் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

"தினமும் திரை திறந்துச்சுங்க, லைட்டும் எரிஞ்சுச்சு. நல்லாத்தான் இருக்காங்கன்னு நெனச்சேன்."



இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறிய பிறகுதான் அவரால் பேச முடிந்தது. யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்றேன்.

"கூப்பிட்டேம்மா. தொண்டை கட்டற வரைக்கும் கூப்பிட்டேன். வெளியில சத்தமே போகலை."

அந்தக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மகன் பறந்து வந்தார். அறைக்கு அறை கேமரா வைக்கச் சொன்னார். அம்மா கேட்டதோ ஒன்றே ஒன்று: "அந்தத் திரையை மட்டும் நானே திறந்துக்கறேன்." மோட்டாரை நானே நின்று கழற்ற வைத்தேன். மகன் பத்து நாளில் கிளம்பிவிட்டார். அந்த அம்மா இப்போதும் அங்கே தனியாகத்தான் இருக்கிறார்.

இன்று யார் வீட்டுக்கு வரைபடம் போட உட்கார்ந்தாலும், உள்ளே இருப்பவருக்கு முடியாமல் போனால் வெளியே யாருக்குத் தெரியும் என்ற கேள்விதான் என் கையை முதலில் நிறுத்துகிறது.