கிரகணம் இல்லாத நாளில் உலக்கை

என் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மோட்டார் தண்ணீரை இழுக்கிறது என்று நம்புகிறார்கள். புதுக்கோட்டை பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீர் மோட்டாரும் மின்விசிறியும் விற்கிற கடை என்னுடையது. மோட்டாரைக் கிணற்று மேட்டில் வைத்தே ஐம்பதடி ஆழத்திலிருந்து இழுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டால், எந்த மோட்டாரும் தண்ணீரை இழுப்பதில்லை என்று ஆரம்பிப்பேன். மேலே வைத்த மோட்டார் குழாய்க்குள் இருக்கும் காற்றைத்தான் வெளியேற்றுகிறது. கிணற்றுத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. அந்தக் காற்றின் பலம் முப்பதடிக்குக் கொஞ்சம் மேலே போனதும் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் மலையளவு மோட்டார் வைத்தாலும் தண்ணீர் ஏறாது.

கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டுவார். பிறகு எதிர்க்கடைக்குப் போவார். எதிர்க்கடைக்காரர், கிணற்றுக்குள்ளேயே இறக்குகிற மோட்டார் ஒன்றை எடுத்து வைத்து, "சும்மா ஜம்முன்னு இழுக்கும்ணே" என்று ஒரே வாக்கியத்தில் வியாபாரத்தை முடித்துவிடுவார். அந்த மோட்டாரும் இழுப்பதில்லை, கீழேயிருந்து தள்ளுகிறது. நான் அதைச் சொல்ல எதிர்க்கடைக்கா போக முடியும்?

மின்விசிறி அறையைக் குளிரவைப்பதில்லை, நம் வியர்வையை உலர்த்துவதால் நமக்குத்தான் குளிர்கிறது, ஆளில்லாத அறையில் ஓடவிட்டால் அறை ஒரு பொட்டு சூடாகத்தான் ஆகும் என்று ஒருமுறை விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் புதுவீட்டுக்கு மொத்தமாக விசிறி வாங்க வந்தவர். அறையைச் சூடாக்கும் விசிறி தனக்கு வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு நானும் திருந்திவிட்டேன். மோட்டார் இழுக்கும், விசிறி குளிர்விக்கும் என்றே சொல்கிறேன். சொல்லும்போது நெஞ்சுக்குள் ஒரு பி.எஸ்சி. லேசாக இருமும்.

பி.எஸ்சி. இயற்பியல், இதே ஊரில் படித்தது. இயற்பியலாளன் ஆகிவிடுவது என்று இரண்டாம் வருஷத்தில் முடிவு செய்திருந்தேன். அதற்குக் கணக்கில் மேதையாக இருக்க வேண்டும், தலை கலைந்திருக்க வேண்டும், ஞாபகமறதி வேண்டும் என்று எண்ணியிருந்தேன். மூன்றில் மூன்றாவது மட்டும் காலப்போக்கில் கைகூடியது. என்னை அந்த முடிவுக்குத் தள்ளியது பெரிய தத்துவம் எதுவுமில்லை. ஒரு விளக்கு.

ஆய்வுக்கூடத்தின் கடைசியில் கறுப்புத்துணி தொங்கும் இருட்டறை ஒன்று இருந்தது. அதில் சோடியம் விளக்கு. சுவிட்சைப் போட்டதும் அது மஞ்சளாக எரியாது. முதலில் வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஒரு மங்கல் சிவப்பு. காத்திருக்க வேண்டும். மெல்ல மெல்ல உள்ளிருந்து மஞ்சள் பிடித்து, பிறகு அறையே அந்த ஒரு நிறமாகிவிடும். அந்த வெளிச்சத்தில் பச்சைச் சட்டையும் சிவப்புச் சட்டையும் ஒரே சாம்பல். நண்பர்கள் அதற்குள் டீக்குப் போய்விடுவார்கள். நான் அந்த மங்கல் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மேலே படித்தால் வாழ்நாள் முழுக்க இப்படி ஓர் அறையில் நிற்க விடுவார்கள் என்று நினைத்தேன். இன்றும் கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில் எனக்கு ஏங்குவதற்கு இருப்பது அந்த அறைதான்.

திருச்சியில் எம்.எஸ்சி. இடம் கிடைத்த சமயம் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். கொஞ்ச நாள் கடையைப் பார்த்துக்கொள், அடுத்த வருஷம் போகலாம் என்றார். அப்பா நாலே மாதத்தில் தேறி, என்னைவிட நன்றாக வியாபாரம் செய்துகொண்டு பல வருஷம் இருந்தார். ஆகவே பழியை அவர்மேல் போட வழியில்லை. அடுத்த வருஷம் தங்கை கல்யாணம். அதற்கடுத்து என் கல்யாணம். பிறகு வீடு. பிறகு மகள் படிப்பு. எல்லாம் ஒழிந்த, மனசு நிம்மதியான, கையில் நேரமுள்ள ஒரு வருஷம் வரும், அப்போது தபால்வழியிலாவது எம்.எஸ்சி. படித்துவிடலாம் என்று இருந்தேன். தபால்வழிக் கல்வி விளம்பரம் வருஷா வருஷம் பேப்பரில் வரும். படிப்பேன். "அடுத்த தடவை" என்பேன். என் மனைவி தமிழாசிரியை. ஆரம்பத்தில் பதில் சொன்னாள், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள்.

இந்த மாசியிலும் விளம்பரம் வந்தது, மார்ச் கடைசி வரை கெடு என்று. என் வயதுக்கு இனி இந்தப் படிப்பு கேலிக்கூத்துதான் என்பதும், இந்தத் தடவை விட்டால் நானே அடுத்த தடவை கேட்கமாட்டேன் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. பேப்பரை மடித்து வைத்தேன். அதே வாரத்தில்தான் சந்திர கிரகணம்.

கிரகணத்தன்று குடுமியான்மலைப் பக்கம் மாமியார் வீட்டில் இருந்தோம். மச்சினன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தான். பகலிலேயே கிரகணம் பிடித்துவிட்டது. நிலா எழும்பும்போதே கடித்த அப்பளமாகத்தான் எழும்பும் என்று காலண்டரில் போட்டிருந்தது. சமைத்த பாத்திரங்களில் தர்ப்பை விழுந்தது. மாமியார் பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுக்கூடத்தில் வைத்து, அதில் உலக்கையைச் செங்குத்தாக நிறுத்தினார். உலக்கை நின்றது. பிடிமானம் இல்லாமல், ஆளுயரத்துக்கு. கிரகணம் பிடித்திருக்கும்வரை உலக்கை நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மச்சினன் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டான். சித்திரையில் சூரியன் கிட்டே வருவதால்தான் வெயில் என்பதும், விண்வெளியில் ஈர்ப்பே கிடையாது என்பதும் ஏற்கெனவே அந்தக் குழுவில் முடிவான விஷயங்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. உலக்கையின் அடியில் தட்டையான இரும்புப் பூண் இருக்கிறது, நேராக வைத்தால் எந்த நாளும் நிற்கும், நிலாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். மாமியார் கோபப்படவில்லை. மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நாளைக்கு நிறுத்திக் காட்டட்டும் என்றார். அதில் கிண்டல் இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் அதே தாம்பாளம், அதே தண்ணீர், அதே இடம். பக்கத்து வீட்டுப் பெண்கள்கூட வந்திருந்தார்கள். நிறுத்தினேன். கையை எடுத்தேன். விழுந்தது. மறுபடி நிறுத்தினேன், மறுபடி விழுந்தது. பூணைத் துடைத்துவிட்டு நிறுத்தினேன். இந்த முறை என் வலது கால் கட்டைவிரலைத் தேடி வந்து விழுந்தது.

"விடுங்க மச்சான்," என்றான் மச்சினன். "கால்லதான விழுகுது. மரியாதை தெரிஞ்ச உலக்கை."

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. விரலுக்கு எண்ணெய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கிரகணந்தான் விட்டுருச்சுல்ல மாப்ளே. இனி எப்படி நிக்கும்? நீங்க ஒடம்பப் பாருங்க," என்றார்.

விரல் வீங்கியதுகூடப் பெரிதில்லை. உட்கார்ந்து விரலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஒருவேளை கிரகணத்தில் ஏதாவது இருக்குமோ என்று ஒரு நொடி எனக்கே தோன்றிவிட்டது. பூமி, நிலா, சூரியன் மூன்றும் ஒரே கோட்டில், ஈர்ப்பு ஏதாவது கூடக்குறைய... இயற்பியலில் பட்டம் வாங்கியவன் நான். அந்த ஒரு நொடிக்காக எனக்குப் பட்டம் கொடுத்தவர்களை நினைத்து வெட்கப்பட்டேன்.

ஊருக்குத் திரும்பும்போது உலக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மனைவி பஸ்ஸில் நாலு சீட் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள். கண்டக்டர் உலக்கையையும் என்னையும் பார்த்துவிட்டு, "உள்ளாற ஏதும் தகராறு வேணாங்க சார்," என்றார்.

அடுத்த சில நாட்கள் மத்தியானத்தில், ஆள் வராத நேரமாகப் பார்த்து, கடைக்கு நடுவில் எங்கள் வீட்டுத் தாம்பாளத்தை வைத்து உலக்கையை நிறுத்திக்கொண்டிருந்தேன். அது விழுந்துகொண்டிருந்தது. அட்டைப்பெட்டிகளை விரித்துப் போட்டுச் சத்தத்தை மட்டும் குறைத்தேன். நின்றுவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் நான் அவசரமாகக் கையை எடுத்திருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. மாமியார் அப்படி எடுக்கவில்லை. அன்று அவர் எவ்வளவு நேரம் அதைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் இங்கிட்டு, கொஞ்சம் அங்கிட்டு என்று சரித்துச் சரித்துப் பார்த்தார் என்பது நினைவுக்கு வந்தது. கிரகணத்தன்று நின்றே ஆகவேண்டும் என்று நம்பியதால், நிற்கும்வரை விடவில்லை. மற்ற நாளில் நிற்காது என்று நம்பியதால் யாரும் தொட்டுப் பார்ப்பதே இல்லை. நிற்கும் என்று சொன்ன நானும், சொன்னதோடு சரி, ஒருநாளும் நிறுத்திப் பார்த்ததில்லை. கல்லூரியை விட்ட பிறகு நான் ஒரு சோதனையும் செய்ததில்லை. வாயால்தான் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு அவசரப்படவில்லை. விரல்நுனியில் உலக்கை எந்தப் பக்கம் சாய விரும்புகிறது என்று தெரியும்வரை பிடித்திருந்தேன். அதில் ஒரு சுகம் இருந்தது, இருட்டறையில் நிற்கிற சுகம். ஒரு கட்டத்தில் அது எந்தப் பக்கமும் சாய விரும்பவில்லை. கையை எடுத்தேன். நின்றது.

சாதாரணச் செவ்வாய்க்கிழமை. வானத்தில் ஒரு விசேஷமும் இல்லை. பங்குனி பிறந்த வெயில். கடையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவிக்குப் போன் செய்தேன். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் வருவதாகச் சொன்னாள். அதற்குள் பம்ப் வாஷர் கேட்டு ஒருவர் வந்தார். படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னண்ணே, மறுபடி கிரகணமா?"

இல்லை என்றேன். நம்பாமல் வெளியே இறங்கி அண்ணாந்து பார்த்துவிட்டு, வாஷரை வாங்காமலே போனார்.

மனைவி வந்தாள். தோள்பையை இறக்காமல் உலக்கையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். குனிந்து பூணைப் பார்த்தாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு என் படிப்பு அவள் முன்னால் ஜெயித்தது இதுதான் முதல்முறை. பாராட்டை எதிர்பார்த்து முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

"அப்ப இது நிக்கக் கிரகணம் வேண்டியதில்ல," என்றாள்.

"வேண்டியதில்லை. எந்த நாளும் நிற்கும்."

அவள் தலையாட்டினாள். தாம்பாளத்தைப் பார்த்தபடியே, "பின்ன நீங்க எதுக்குங்க இத்தன வருசமா நாள் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றாள்.

அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு, கெடு முடிய இன்னும் நாள் இருக்கிறதுதானே என்று கேட்டாள். அவளும் அந்த விளம்பரத்தைப் படித்திருக்கிறாள். வருஷா வருஷம் படித்திருக்கிறாள் போல.

மறுநாள் கடையை அரைநாள் அடைத்துவிட்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பையனுக்கா சார், பொண்ணுக்கா?" என்று கேட்டாள். எனக்குத்தான் என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். பட்டம் முடித்த வருஷம் கேட்டாள். சொன்னேன். வருஷங்களின் வரிசையைக் கீழ்நோக்கி உருட்ட ஆரம்பித்தாள். வீடு கட்டியது, மகள் பிறந்தது, தங்கை கல்யாணம் எல்லாம் வெறும் எண்களாக மேலே போய்க்கொண்டிருந்தன. அதில் என் வருஷம் இல்லாமலே போய்விடுமோ என்று கொஞ்சம் பயந்தேன். அடியில், கடைசிக்குக் கொஞ்சம் மேலே, இருந்தது.

இனி நான் இயற்பியலாளன் ஆகப்போவதில்லை. அதைப் பற்றிய தவறான கருத்து எதுவும் என்னிடம் மிச்சமில்லை. பாஸாவேன் என்பதற்குக்கூட உத்தரவாதம் கிடையாது. கணக்கெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது. பணத்தைக் கட்டி முடித்தபோது அந்தப் பெண், செய்முறை வகுப்புக்கு நேரில் போக வேண்டியிருக்கும், எந்த ஊர் போடட்டும் என்று கேட்டாள்.

"திருச்சி," என்றேன்.

லேப்பில் என்னவெல்லாம் இருக்கும் என்று அவளிடம் கேட்க வாய்வரை வந்தது. அவளுக்கு எப்படித் தெரியும்? ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சோடியம் விளக்கு இன்னும் வைத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். போட்டவுடன் எரியாவிட்டாலும் பரவாயில்லை.