சொல்லிக்கொண்டு புறப்பட்ட வீடு

நம்புகிறவர்கள் நம்பலாம், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இது நடந்தது. போன ஆவணியில், ஆரையம்பதி நிதுர்ஷனுக்கு நடந்தது. பேய், பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் முதல் ஆளாகக் கேலி பண்ணுகிறவன் அவன்தான். இன்று அவனிடம் அந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், எழும்பிப் போய்விடுவான்.

நிதுர்ஷனுக்குச் சைக்கிள் பைத்தியம். மவுண்டன் பைக் ஒன்று வைத்திருக்கிறான். அதைத் துடைக்கிற அக்கறையில் பாதியைத் தன்னிடம் காட்டினால் போதும் என்று மனைவி கஜானி சொல்லிக் காட்டுவாள். அவள் அப்போது நிறைமாதம். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே தவறிப்போனது. அதனால் இந்தமுறை வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் டொக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் இரண்டு கிழமை கிடந்தது. பிள்ளை வந்த பிறகு தனியாகச் சுற்றுவது எங்கே? அறுகம்பே வரை பஸ்ஸில் சைக்கிளை ஏற்றிப் போய், அங்கிருந்து கரையோரமாகவே ஓடி வர வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கஜானி அரைமனதோடு விட்டாள்.

"மூண்டாம் நாள் விளக்கு வைக்க முதல் நீங்க வீட்ட நிக்கணும். சொல்லிட்டன்."

இரண்டு நாளும் கடலும் காற்றும் அவனுமாக நன்றாகவே போனது. மூன்றாம் நாள் பெரிய ரோட்டில் பஸ்களின் புகையைத் தின்று அலுத்துப்போய், குருமண்வெளியில் பாதை ஏறினான். பாதை என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. அக்கரையில் இறங்கினால் படுவான்கரை. அங்கே வாவி ஓரமாக மண்பாதையில் வடக்கே ஓடி, மண்முனைப் பாலத்தால் வீடு சேர்வது அவன் கணக்கு. வேளாண்மை வெட்டி முடிந்த வயல் வட்டைகள் இடப்பக்கம். வாவி வலப்பக்கம். ஒரு குருவியின் சத்தம்கூட இல்லை.

போத்தலில் தண்ணீர் முடிந்தபோதுதான் அந்த வீட்டைக் கண்டான். தகரக் கூரை, ஓலை வேலி. முற்றத்து மூலையில் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. நாய் ஒன்று படுத்திருந்தது. புது ஆளைக் கண்டும் அது தலையைத் தூக்கவில்லை.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க."

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி செம்போடு வந்தாள். அப்போதுதான் முழுகியவள் போலத் தலைமயிரிலிருந்து நீர் வடிந்தது. அவன் குடித்தான். தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது.

"வீட்ட ஆரு மனே இருக்கா?"

"மனுசிதான். வயித்தில பிள்ள."

"அவட பேர் என்ன?"

"கஜானி."

அவள் அந்தப் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அது அவனுக்கு என்னவோ பிடிக்கவில்லை. செம்பைக் கொடுத்தான். போனில் நேரம் 4.05. சிக்னல் இல்லை.

"சரியம்மா, போயிட்டு வாறன்."

"ஓம் மனே. வா."

கால் மணி நேரம் மிதித்திருப்பான். முன்னால் தகரக் கூரை. ஓலை வேலி. இதுவும் அதைப்போலவே இருக்கிறதே என்று நினைத்தான். கிட்டப் போனான். மணலில் ஒரு டயர்த் தடம் தெரிந்தது. அவனுடைய டயரின் தடம்...

அவன் எங்கும் திரும்பவில்லை. வாவி வலப்பக்கத்தை விட்டு விலகவே இல்லை. பிறகு எப்படி?

இப்போது கதிரைகளை இறக்கி வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஆள் ஒருவரும் இல்லை. அவள் மட்டும் வாசலில் நின்றாள்.

"வந்திட்டியா மனே?"

"பாதை... பாதை மாறிட்டுதும்மா."

"பறவாயில்ல. இன்னும் நேரம் இரிக்கி."

எதற்கு நேரம் இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. பழக்கதோஷம் பாருங்கள், அந்தப் பயத்திலும் "போயிட்டு வாறன்" என்றுதான் சொன்னான். கியரை மாற்றி, எழும்பி நின்று மிதித்தான்.

சைக்கிள் கனத்தது. இறக்கத்திலும் கனத்தது. தொண்டை காய்ந்தது. வாயில் உப்பு...

வலப்பக்கம் வாவி.

வலப்பக்கம் வாவி.

தகரக் கூரை.

கதிரைகள் நிறைந்திருந்தன. ஆண்கள், பெண்கள். ஒருவரும் பேசவில்லை. எல்லோருடைய தலையிலிருந்தும் நீர் சொட்டியது... டக்... டக்... டக்... முற்றத்து மண் மட்டும் காய்ந்து கிடந்தது.

கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு கட்டில். தெற்குப் பக்கமாகத் தலைமாடு. தலைமாட்டில் விளக்கு. கட்டிலில் வெள்ளைத் துணி விரித்திருந்தது.

கட்டிலில் யாரும் இல்லை.

"நீ வாறன் எண்டு சொன்ன. அதான் எடுக்காம வெச்சிரிக்கம், மனே."

அவள் அவனுக்கு மிகக் கிட்ட நின்றாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் போயிட்டு வாறன் என்று சொல்லித்தான் நாம் கிளம்புவோம். செத்த வீட்டில் மட்டும் அதைச் சொல்ல மாட்டோம். எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் வாய் திறக்காமல் எழும்பி வந்துவிடுவோம். அவன் ஒன்றுக்கு இரண்டு தரம் சொல்லிவிட்டான்.

"போறியா மனே? சொல்லிட்டுப் போ."

நாக்கு தானாக எழும்பியது. கடித்தான். இரத்தம் வந்தது.

"சொல்லிட்டுப் போ..."

சைக்கிளைத் திருப்பினான். போன் 5.10 காட்டியது. மிதித்தான். பின்னால் கதிரைகள் ஒரே நேரத்தில் நகரும் சத்தம்...

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்சத் தூரத்தில் கனம் சட்டென்று விட்டது. முன்னால் ஆடுகள். ஒரு மோட்டார் சைக்கிள். மனிதர்கள். அவன் அழுதான். வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதான். அப்போது சிக்னல் வந்து போன் அலறியது. மாமியார்.

"எங்க தம்பி நிக்கிறீங்க? நாலு மணியில இருந்து கஜானிக்கு நோவு. ஆசுபத்திரிக்குக் கொண்டு வந்திட்டம். கெதியா வாங்க!"

பாலம் கடந்து மட்டக்களப்பு ஆசுபத்திரிக்கு அவன் எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று இன்றும் அவனுக்குத் தெரியாது. உள்ளே விடவில்லை. வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டான். ஒன்பது மணி தாண்டிப் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். தன் விரலைப் பிடித்த அந்தக் கையைப் பார்த்ததும், தப்பிவிட்டோம் என்று நினைத்தான். நடந்ததைக் கஜானியிடம் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரியிடம் சொல்கிற கதையா அது?

வீட்டுக்கு வந்து நாலாம் நாள். கஜானி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்க, படுவான்கரையில உங்களுக்கு ஆரும் தெரிஞ்சவங்க இரிக்காங்களா?"

"ஏன்?"

"நோவோட கிடக்கக்க ஒரு அம்மா என்னப் பார்க்க வந்தவ. ஆசுபத்திரியில ஆக்கள விடுற நேரம். அஞ்சேகால் இரிக்கும். தல முழுக்க ஈரம். எண்ட பேரச் சொல்லிக் கூப்பிட்டா."

"என்ன சொன்னவ?"

"நீங்க அவட வீட்ட போய்த் தண்ணி குடிச்சீங்களாம். வாறன் எண்டு சொல்லிட்டு வரல்லியாம். அதால அவவே வந்தாவாம். வயித்தில கைய வெச்சுப் பார்த்தா. ஐஸ் மாதிரிக் குளிர் அந்தக் கை."

அவன் வாசல் கதவைப் பார்த்தான்.

"மறுகா, பிள்ள கிடைச்சாப் போல வீட்ட பார்க்க வரட்டா எண்டு கேட்டா."

"நீ... நீ என்ன சொன்ன?"

கஜானி பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள்.

"என்னத்தச் சொல்லுற? பாவம், அவ்வளவு தூரத்தில இருந்து வந்த மனுசி. கட்டாயம் வாங்கம்மா எண்டு சொன்னன்."