ஹோட்டலுக்குக் காசு உண்டு, வீட்டுக்கு இல்லை

போன மாதம் வசந்தியுடன் ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மொழிபெயர்க்க அல்ல. அவருடைய நோர்வேஜிய மொழி என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் கொஞ்சம் மரியாதை கிடைக்கும் என்று நம்பி அழைத்தார். பாவம்... ஆளைத் தெரிந்தெடுத்ததில் தவறிவிட்டார்.

வசந்தி ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்பவர். முதுகுவலி வந்தபிறகு பாதிநேர வேலை. பதினான்கு வயதில் ஆரணி என்றொரு மகள். ஹவுகெட்டோ என்ற பகுதியில் எட்டு வருடம் இருந்த வாடகை வீட்டை உரிமையாளர் விற்கப்போவதாகச் சொன்னார். வேறு வீடு பார்த்தால் வாடகை எட்டவில்லை.

இப்படியானவர்களுக்குத்தானே அரசின் வாடகை உதவி? வசந்தியும் விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. ஏன் தெரியுமா? மற்றவர்கள் கோடை விடுமுறைக்குப் போனபோது, வலிமாத்திரை போட்டுக்கொண்டு சில நாட்கள் கூடுதலாக வேலை செய்திருந்தார். அந்த ஒரு மாதச் சம்பளத்தைப் பார்த்த கணினி, இவர் வசதியானவர் என்று முடிவு கட்டிவிட்டது. முதுகைப் பார்க்கக் கணினிக்குக் கண் இல்லை.

வீடு போனது. உடனே அரசு விழித்துக்கொண்டது — பிள்ளை தெருவில் நிற்கக் கூடாதல்லவா? தள்ளியிருக்கும் லில்லெஸ்ட்ரோம் என்ற ஊரில் ஒரு ஹோட்டல் அறை கொடுத்தார்கள். அதற்கு ஒரு வாரத்துக்குக் கட்டிய காசு, வசந்தி கேட்ட ஒரு மாத உதவியைவிட அதிகம்!

அறையில் அடுப்பு இல்லை. அறுபது முதியவர்களுக்குச் சமைக்கிறவர், சொந்த மகளுக்கு நூடுல்ஸில் சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ஆரணி தினமும் ரயிலேறிப் பழைய பாடசாலைக்கே போனாள். சித்தி வீட்டில் இருப்பதாகத் தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

இது என்ன நியாயம் என்றுதான் போன மாதம் அந்த அலுவலரிடம் கேட்டேன். அவர் மிக அன்பாகச் சிரித்தார்.

"அது வேறு பட்ஜெட்."

பிறகு, முன்பணத்துக்குப் பதிலாக ஓர் உத்தரவாதக் கடிதம் தந்தார். வீட்டுக்காரரிடம் காட்டினால் போதுமாம். அரசே பொறுப்பாம்.

அன்றே எனக்குத் தெரிந்த நம்மவர் ஒருவருக்கு போன் செய்தேன். மூன்று வீடுகளை வாடகைக்கு விடுகிறவர். தமிழ் ஆக்களுக்கு இல்லாத வீடா என்று உருகினார். கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் குரல் மாறியது.

"கடிதத்தோட வாற ஆக்கள் சரிவராது, தம்பி. அதோட, கீழ்வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கவும் வேணும்."

அகதியாக வந்த புதிதில், அரசு கொடுத்த வீட்டில் அரசு கொடுத்த கட்டிலில் படுத்தவர் இவர். மேலும் நான்கு பேரிடம் கேட்டேன். ஆளுக்கொரு சாட்டு. உண்மையைச் சொல்ல வாய் வராமல், எல்லா வீட்டிலும் பெயின்ட் வேலை நடப்பதாக வசந்தியிடம் சொன்னேன்.



"அஞ்சு பேரும் ஒரே நேரத்திலயோ பெயின்ட் அடிக்கினம், அண்ணை?"



கடைசியில் வழி காட்டியது அரசும் அல்ல, நம்மவரும் அல்ல. வசந்தி வேலை செய்யும் சமையலறையில் பாத்திரம் கழுவும் எரித்திரேயப் பெண் ஒருவர். அவருடைய மகன் படிக்கத் துரொண்ட்ஹெய்முக்குப் போனதால் ஓர் அறை காலியாக இருந்தது. விஷயம் தெரிந்ததும், பெட்டிகளோடு வரச் சொன்னார். கடிதத்தை நீட்டியபோது வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. போன முதல் நாளே வசந்தி சோறும் பருப்பும் வைத்தார். தட்டை மேசைக்குக் கொண்டு போகப் பொறுமையின்றி, அடுப்படியில் நின்றபடியே ஆரணி சாப்பிட்டாளாம்.

இரண்டு பேருக்கு ஓர் அறை. ஒரு கட்டில். இது வீடா?

வீடுதான் என்கிறது அரசு. நேற்று கடிதம் வந்திருக்கிறது: தங்கள் வீட்டுப் பிரச்சினை தீர்ந்துவிட்டபடியால், தங்கள் கோப்பு மூடப்படுகிறது. கீழே வாழ்த்து வேறு.

பாருங்கள், இந்த வருட அறிக்கையில் 'எமது முயற்சியால் வீடு பெற்ற குடும்பங்கள்' என்ற பட்டியலில் வசந்தியும் இருப்பார்!