ஓசி சர்வரும் இரண்டாவது நாற்காலியும்

வாகன உதிரி பாகங்களை மொத்தமாக விற்கும் அந்த நிறுவனத்தில் அவருக்குப் பெட்டிக்காரி என்று பெயர். பெட்டி என்றால் சர்வர். மாடிப்படிக்கு அடியில், முன்பு துடைப்பமும் வாளியும் கிடந்த இடத்துக்குக் கதவு போட்டு ஏசி மாட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு சர்வர், ஒரு நாற்காலி, அவர். கதவைத் திறந்தால் நாற்காலியில் இடிக்கும். கடையின் பில்லும் மூன்று கிடங்குகளின் இருப்பும் அந்தப் பெட்டிக்குள்தான்.

பதினோரு வருடங்களுக்கு முன் பில் டைப் செய்ய வந்தவர். அப்போதிருந்த சர்வர் படுத்துவிட, புது லைசென்ஸ் வாங்க முதலாளிக்கு மனம் வரவில்லை. இவர் இணையத்தில் படித்துப் படித்து, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுப் பார்த்தார். மூன்றாவது முயற்சியில் ஓடியது. அன்றிலிருந்து பெட்டி அவர் தலையில். லைசென்ஸுக்குச் செலவே இல்லை என்பதால் அதற்கு ‘ஓசி சர்வர்’ என்று பட்டம் கட்டினார் முதலாளியின் மருமகன். செலவுகளைப் பார்ப்பது அவர்தான்.

இந்த வருடம் பெட்டியை மாற்ற வேண்டிய நேரம் வந்தது. மருமகன் ஒரு விற்பனையாளரை அழைத்து வந்தார். காசு கட்டி வாங்கும் சிஸ்டம். பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு. ஐந்து வருடச் செலவை இரண்டு பத்தியாக ஒப்பிட்டு விற்பனையாளர் ஒரு தாள் நீட்டினார். ஓசி பத்தியில் மென்பொருளுக்குப் பூஜ்யம், பெட்டிக்காரியின் சம்பளம் முழுசாக. இன்னொரு பத்தியில் சம்பளம் என்ற வரியே இல்லை. வரி இல்லையென்றால் ஆள் இல்லை. அதைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் பதில் சொல்லச் சொன்னார் முதலாளி.

பெட்டிக்காரி தாளை வீட்டுக்கு எடுத்துப் போனார். கணவர் மோட்டார் பம்ப் மெக்கானிக். கிரீஸ் கையோடு தாளை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கே என்று கேட்டார். கடை மூடியிருக்கும் அன்றுதான் பெட்டிக்கு அப்டேட் போட முடியும். மாதத்தில் இரண்டு ஞாயிறு அதற்கே போய்விடும்.

“ஞாயித்துக்கிழமை மோட்டாரைப் பிரிக்கச் சொன்னா நான் டபுள் கூலி கேப்பேன். நீ பதினோரு வருஷமா சும்மா போயிட்டு வர்ற. அங்க ஓசி, சர்வர் இல்லடி, நீதான்.”

சுருக்கென்றது. அன்று சாப்பிட்டுக்கொண்டே தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் முதலாளி அறையில் நான்கு பேர். தன் பக்கச் செலவைக் குறைத்துக் காட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தார்கள். இவர் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கூலி சேர்த்தார். இன்னோர் ஆளின் முழுச் சம்பளத்தையும் சேர்த்தார். போன வருடம் தான் குடல்வால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, எந்தக் கட்டளையை எப்படி அடிக்க வேண்டும் என்று போனில் எழுத்தெழுத்தாகச் சொன்னதை நினைவூட்டினார். ஓசி பத்தி உப்பிக்கொண்டே போனது.

மருமகனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “என்னக்கா, எங்க கட்சிக்கே வந்துட்டீங்களா?”

பெட்டிக்காரி அடுத்த பத்திக்கு வந்தார். அந்த லைசென்ஸ் தலைக்கு ஒன்று. சர்வரில் இருந்த லாகின் பெயர்களை எண்ணி நாற்பத்தொன்று என்று போட்டிருந்தார் விற்பனையாளர். அதில் மூன்று, கிடங்குக்கு ஒன்றாக வைத்த பொதுப் பெயர்கள். ஒருவர் அடித்துவிட்டு எழுந்தால் அடுத்தவர் அதிலேயே உட்காருவார். அந்த மூன்று பெயர்களுக்குள் ஐம்பத்தெட்டுப் பேர். ஆக மொத்தம் தொண்ணூற்றாறு. அப்படிப் பகிர லைசென்ஸ் இடம் கொடுக்குமா என்று கேட்டார். கொடுக்காது என்று விற்பனையாளரே ஒப்புக்கொண்டார். லினக்ஸில் தொண்ணூற்றாறு பேர் வந்தாலும் செலவு ஏறாது. அந்தப் பத்தியோ இரண்டு மடங்கைத் தாண்டியது.

முதலாளி வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். போன வருடம் பன்னிரண்டு பெட்டி பேரிங் காணாமல் போனதே, இருப்பைக் குறைத்து எழுதியது யார்?

“தெரியாதுங்கய்யா. தெரிய முடியாத மாதிரி வச்சது நான்தான். ஆள் மாறுறப்பல்லாம் பேர் மாத்தச் சோம்பல்பட்டேன். இனி ஆளுக்கொரு பேர். அதுக்கும் ரெண்டாவது ஆள் வேணும்.”

கூட்டிப் பார்த்தால், இரண்டு சம்பளத்தோடும் ஓசி பத்திதான் குறைவு. மருமகன் பேனாவை எடுத்தார். ஓசியே ஜெயித்ததாக இருக்கட்டும், இரண்டாவது ஆளை அடித்துவிட்டால் இன்னும் குறையுமே என்று கோடு போடப் போனார்.

“அடிக்கிறதுன்னா என் பேரையும் சேர்த்து அடிங்க சார்,” என்றார் பெட்டிக்காரி. “அவங்களுக்குக் கட்டுங்க, இல்ல எங்களுக்குக் கட்டுங்க. யாருக்குமே கட்டாம ஓடுற சர்வர் எந்த ஊர்லயும் கிடையாது.”

பையை மூடிக்கொண்டிருந்த விற்பனையாளர், அவர் சொல்வது சரிதான் என்று முணுமுணுத்தார். மருமகன் முறைத்தார்.

“நீ போயிட்டா யாரும்மா பாப்பாங்க?” முதலாளி கேட்டார்.

“அந்தக் கேள்விக்குத்தான்யா ரெண்டாவது ஆள்.”

முதலாளி கை நீட்டி மருமகனிடமிருந்து பேனாவை வாங்கி மூடி போட்டார்.

புதியவர் அடுத்த மாதம் சேர்ந்தார். ஓர் ஆஸ்பத்திரியில் இதே வேலை பார்த்த நாற்பது வயதுக்காரர். இரண்டாவது நாற்காலியைப் போட்டால் கதவு திறக்கவில்லை. கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். ஏசி காற்று இப்போது மாடிப்படி வரை வருகிறது. கரண்ட் பில் ஏறுகிறது என்று மருமகன் குறைபட்டாராம். பெட்டிக்காரி அதே தாளில், பக்கவாட்டில் இழுத்து மூடும் கதவு ஒன்று என்று ஒரு வரி சேர்த்து மேலே அனுப்பியிருக்கிறார்.