வரதராஜாவின் நாற்பது ஏக்கர்

நிரூபா மெல்பேர்ன் ஸ்பிரிங்வேலிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி, கிப்ஸ்லாந்து மலையடிக் காடுகளையும் தோட்டங்களையும் பார்த்துவருகிறவள். அந்தப் பக்கத்துக் காணிக் காப்பு அறக்கட்டளையில் ஒன்பது வருட வேலை. காட்டை வெட்ட மாட்டோம், விளைநிலத்தைத் துண்டு போட்டு விற்க மாட்டோம் என்று சொந்தக்காரர்கள் காணி உறுதிப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்திருப்பார்கள். பிறகு யார் அந்தக் காணியை வாங்கினாலும் அந்த உறுதி அவரையும் கட்டும். வருடத்துக்கு ஒரு தடவை நேரில் போய்ப் பார்ப்பது அவள் பொறுப்பு. காடு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதை ஒரு ஜன்னல் திரையை விடப் பெரிதாக மதிப்பதில்லை என்று அவளுக்கு எப்போதோ விளங்கிவிட்டது.

போன மார்ச்சில் வரதராஜாவின் நாற்பது ஏக்கருக்குப் போனாள். மெல்பேர்னில் மூன்று பல் வைத்தியசாலைகள் வைத்திருக்கிறவர்; தமிழர் விழா எதுவென்றாலும் முன்வரிசைக் கதிரை அவருக்கு. வீட்டு முற்றத்திலிருந்து பள்ளத்தாக்கு பளிச்சென்று தெரிந்தது. முந்திய வருடம் தெரியவில்லை. இறங்கி நடந்து பார்த்தாள். கம் மரம் என்கிற யூகலிப்டஸ் மரங்கள் பதினொன்று அடியோடு வெட்டுண்டு கிடந்தன. அதில் ஒன்றின் பொந்தில்தான் மூன்று வருடமாக ஆந்தை குஞ்சு பொரித்தது.

"நெருப்புப் பயம், தங்கச்சி," என்றார் வரதராஜா, தேத்தண்ணியை நீட்டியபடி. "வீட்டைக் காப்பாத்த வேணுமெல்லோ?"

"பின்பக்கத்து மரங்கள் வீட்டுக்கு இன்னும் கிட்ட நிக்குதே. அதுகள் எரியாதோ?"

அவர் சிரித்தார். "நீரும் எங்கட ஆள். பாத்தும் பாக்காத மாதிரி விடுமன். வெள்ளைக்காரனிட்ட எங்கட ஆக்களைக் காட்டிக் குடுக்கிறதோ?"

இந்த மனிசனின் இனப்பற்றுக்கு வந்த கேடு என்று நினைத்தாள். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"அண்ணை, வெட்டேக்க எங்கட ஆக்களைக் கேட்டோ வெட்டினனீங்கள்?" என்று கேட்டுவிட்டு, அடிமரங்களை ஒவ்வொன்றாக அளந்து படமெடுத்தாள்.

அறிக்கை போனது. வரதராஜா வழக்கறிஞரைப் பிடித்துப் பார்த்தார். உறுதியில் எழுதியிருந்ததை வழக்கறிஞராலும் அழிக்க முடியவில்லை. கடைசியில், அறுநூறு கன்றுகள் நட்டுப் பத்து வருடம் பராமரிப்பதாகக் கையெழுத்து வைத்தார்.

நடுகிற நாளை அவர் விழாவாக்கிவிட்டார். வெள்ளைச் சேட்டு, புதுச் சப்பாத்து, படம் பிடிக்க ஓர் ஆள். இயற்கை எங்கள் தாய் என்று இரண்டு மொழிகளிலும் முழங்கினார். அறக்கட்டளைத் தலைவர் அவர் கையைக் குலுக்கி நன்றி சொன்னார். வெட்டினவனுக்கு நன்றி! தலைவரின் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது நிரூபாவுக்கு. வரதராஜா நட்டது ஒரே ஒரு கன்று. அதையும் பிளாஸ்டிக் சட்டியோடே புதைத்தார். ஆட்கள் போனபின் அவள் அதைத் தோண்டி, சட்டியைக் கழற்றி, திரும்ப நட்டாள். மிச்சத்தை அவளும் நான்கு தொண்டர்களும் இரண்டு வார இறுதிகளில் முதுகு முறிய நட்டு முடித்தார்கள்.

இந்த மார்ச்சில் போய் எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டு உயிரோடு நின்றன. ஆந்தையைக் காணவில்லை; அந்தக் கன்றுகளில் பொந்து விழ இன்னும் நூறு வருடமாவது வேண்டும்.

"எப்பிடி என்ர காடு?" என்றார் வரதராஜா வாசலில் நின்று.

"நூற்றெண்பத்தெட்டு செத்துப்போச்சு. இந்த மாரிக்குள்ள திரும்ப நட வேணும்," என்று கடிதத்தை அவர் கையில் வைத்தாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க நிற்காமல், அடுத்துப் பார்க்கவேண்டிய உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குக் காரை எடுத்தாள்.