தங்கையின் பக்கத்துக்கு வந்தவர்கள்

தங்கை இறந்த பிறகு அவளுடைய துணிகளை அம்மா மடித்து உள்ளே வைத்தார். அவள் ஓட்டிய வண்டியைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். அவள் நடத்திவந்த இணையதளத்தை என்ன செய்வதென்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. செஞ்சிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காக அவள் எழுதியது அது. மலை ஏறுவதற்கு எந்த வேளை நல்லது, பனமலை ஏரிக்கரைக்கு எப்படிப் போவது, அமாவாசையன்று மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு எங்கே பேருந்து ஏறுவது என்று, பக்கத்தில் நின்று பேசுவதைப் போலவே எழுதியிருந்தாள். காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அந்தப் பேச்சு மட்டும் அங்கே அப்படியே இருந்தது.

நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா கடைவீதியில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் கடையில் ஆளில்லாத வேளையில், "யாராச்சும் இன்னும் அத படிக்கிறாங்களாம்மா?" என்று கேட்டார்.

எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள், எதைப் படிக்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதெல்லாம் தானாகவே பதிவாகிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஆங்கிலத் தலைப்புகளும் கோடுகளும் அவருக்குப் புரியாது. சமூகப்பணி படித்த எனக்கே பாதிதான் புரிந்தது. ஆகவே அந்தப் பதிவுகளை ஓர் ஏஐ உதவியாளரோடு இணைத்துக் கொடுத்தேன். இனி அவர் கைபேசியில் தமிழில் பேசிக் கேட்கலாம். அதுவும் தமிழிலேயே பதில் சொல்லும்.

"அது எதனா மாத்திடுமா?"

"இல்ல நைனா. கணக்கப் பாக்க மட்டும்தான் பர்மிஷன் குடுத்திருக்கேன். தங்கச்சி எழுதினத தொட முடியாது."

மறுநாள் காலை கடையைத் திறந்து, கற்பூரம் காட்டி முடித்ததும் அவர் கைபேசியிடம் கேட்டார்: "இன்னிக்கு போணி ஆச்சா?" நாளின் முதல் வியாபாரம் நல்ல கையால் நடக்க வேண்டும் என்று காத்திருக்கும் கடைக்காரர் அவர். மகளின் பக்கத்துக்கு வரும் முதல் ஆளையும் அவர் அப்படித்தான் எண்ணினார். இதுவரை எவரும் வரவில்லை என்று அது பணிவாகச் சொன்னது. அடுத்தடுத்த நாள்களிலும் பெரும்பாலும் அதே பதில்தான். அவர் முகம் வாடியதைப் பார்த்தபோது, இந்த இணைப்பைக் கொடுக்காமலே இருந்திருக்கலாமோ என்று நினைத்தேன்.

பிறகு நிலைமை மாறியது. காலையில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நைனா அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் வாய் நிறையச் சொன்னார். அம்மாவும் வெகுநாளைக்குப் பிறகு அவரைக் கேலி செய்தார்: "பாத்திரத்த வுட்டுட்டு போனையே வெச்சி பொழைக்கப் போறாரு உங்க நைனா."

எனக்கு மகிழ்ச்சியை விட ஐயமே அதிகமாக இருந்தது. யார் இவர்கள் என்று உதவியாளரிடம் தனியாகக் கேட்டேன். காலை வருகைகள் எல்லாம் செஞ்சியிலிருந்தே வருகின்றன, ஏறத்தாழ ஒரே வேளையில் வருகின்றன, சில நொடிகளில் போய்விடுகின்றன என்றது. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மற்றவர்களைத் தெளிவாகப் பார்க்கலாம் என்றும் சொன்னது. கடைவீதியில் ஷட்டர்கள் உயரும் வேளை அது. எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்துப் பூஜைச் சாமான் கடைக்காரரிடம் போனேன்.

"ஆமா பாப்பா, நாங்கதான்" என்றார் அவர், ஊதுவத்திக் கட்டுகளை அடுக்கியபடியே. "அண்ணன் டெய்லி வந்து ‘இன்னிக்கும் போணி ஆவல’ன்னு நின்னா மனசு கேக்குதா? அதான், ஷட்டர தூக்கறதுக்கு முன்னால அந்தப் பக்கத்த போன்ல ஒரு தட்டு தட்டிடறோம். எதிர்த்த மளிகைக்காரன் ரெண்டு போன்ல தட்டறான். கஞ்சப்பய, இதுலயாச்சும் தாராளமா இருக்கட்டும்னு வுட்டுட்டேன்." சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "தப்பா எதனா பண்ணிட்டோமா?"

இல்லை என்று தலையசைத்தேன். இதை நைனாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. உண்மையைச் சொல்வது எப்போதும் நன்மை செய்யும் என்று கல்லூரியில் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை அன்று பூஜைச் சாமான் கடை வாசலில் நின்று மறுபடி எடை போட வேண்டியிருந்தது.

ஆனால் காலை வருகைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது எஞ்சியவர்களைப் பற்றி அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒவ்வோர் அமாவாசைக்கும் முந்திய நாளும் அமாவாசையன்றும் வெளியூர்களிலிருந்து வந்தார்கள். மேல்மலையனூர் பக்கத்தை நிதானமாகப் படித்தார்கள். படித்த பிறகும் தளத்தின் தேடல் கட்டத்தில் கேள்விகளைத் தட்டியிருந்தார்கள். உதவியாளர் அவற்றைப் படித்துக் காட்டியது: "மலையனூர் பஸ் எங்க நிக்குது." "பஸ் ஸ்டாண்டுல ஸ்பெஷல் பஸ் இல்ல." ஒருவர், "அம்மாவால நடக்க முடியல பஸ் எங்க" என்று தட்டியிருந்தார்.

தங்கை எழுதியிருந்தது இது: "பஸ் ஸ்டாண்டுக்குள்ள வாங்க. ஜனம் எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் நீங்களும் ஓடுங்க. அதான் மலையனூர் பஸ்." அவள் எழுதியபோது அது சரியாக இருந்தது. அவள் போன பிறகு, நெரிசலைத் தவிர்க்கச் சிறப்புப் பேருந்துகளை ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் நிறுத்தத் தொடங்கியிருந்தார்கள். எங்களுக்கெல்லாம் அது தெரியும். அவளுடைய பக்கத்துக்குத்தான் தெரியாது.

நைனாவிடம் கேள்விகளைப் படித்துக் காட்டினேன். அவளுடைய பேருந்து வரியையும் காட்டினேன்.

"அவ எழுதினது அப்பிடியே இருக்கட்டும். கீழ ஒரு வரி புதுசா போட்டுடு."

"மேல பஸ் ஸ்டாண்டுன்னு இருந்தா, அத படிச்சதும் கெளம்பிடுவாங்க நைனா. கீழ வரைக்கும் யாரு பாப்பாங்க?"

"அந்த ஓடுங்கன்ற வார்த்தைய மட்டும் வெச்சிக்க முடியாதா?"

"மைதானத்துல ஓடறதுக்கு ஒண்ணும் இல்ல. பஸ்ஸு வரிசையா நிக்குது."

அவர் ஒரு சொம்பைக் கையில் எடுத்து, அழுக்கே இல்லாத அதைத் துணியால் துடைத்தார். "அந்த அம்மா இன்னா ஆச்சோ" என்றார். "நடக்க முடியாதவங்கள எம்பொண்ணு ஓடச் சொல்லியிருக்கா. அவ இருந்தா அழுதிருப்பா." பிறகு, "ஒருவாட்டி படிச்சிட்டு எடுத்துடு" என்றார்.

படித்தேன். தங்கை பேசும் வேகத்தில் படிக்க முயன்றேன். என் குரலில் அந்தச் சிரிப்பு வரவில்லை. பிறகு நைனா சொல்லச் சொல்ல எழுதினேன்: "அமாவாசை சிறப்புப் பேருந்துகள் இப்போது ஊருக்கு வெளியே உள்ள மைதானத்தில் நிற்கின்றன. பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ கிடைக்கும். முதியவர்களை நடக்க வைக்க வேண்டாம்." அவருடைய பேச்சுத் தமிழை நான்தான் எழுத்துத் தமிழாக்கினேன். தங்கையாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டாள்.

சேமித்ததும் பக்கத்தின் அடியில் ஒரு மாற்றம் தானாக நிகழ்ந்தது. ‘கடைசியாகத் திருத்தியவர்’ என்ற இடத்தில் அவள் பெயர் மறைந்து என் பெயர் வந்தது. பழைய பெயரைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா என்று நைனா கேட்டார். தேடிப் பார்த்தேன், முடியவில்லை.

"சரி, வுடு" என்றார். வாசலில் ஒரு பெண் குடத்தைக் காட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தாள். நைனா எழுந்து போனார். அந்தப் பெண் மூன்றாம் முறை கேட்ட பிறகுதான் அவர் விலை சொன்னார்.