ஞாயிறு மௌனமும் ஒரு தேக்கரண்டியும்

போன வாரம் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். முட்டி வலி. பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒரு தே சொன்னேன். கடைக்காரர் சீனியைக் கலக்கிவிட்டுக் கரண்டியைக் குவளை விளிம்பில் இரண்டு முறை தட்டினார். டக், டக். மீன் மறந்துவிட்டது. தேயும் ஆறிவிட்டது.

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், மளிகைக் கடைக்கு மேல் மாடி. படியேறும்போது மிளகாய் வாசனை, ஏறி முடித்தால் சாம்பிராணி. விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போய், பிறகு அரசியலை விட்டுவிட்டுத் தியானத்தில் அமர்ந்த தலைவர் ஒருவரைப் பின்பற்றியவர்கள் நடத்திய நிலையம் அது. பெயர் சொன்னால் உங்களுக்கு உடனே தெரியும், வேண்டாம். நாங்கள் ஒன்பது பேர் அங்கேயே தங்கியிருந்தோம். எனக்கு இருபத்து மூன்று வயது. குவீன்ஸ்டவுனில் ஒரு கிளினிக்கில் டைப்பிஸ்ட். ஞானம் தேடிப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் பஸ் வசதியும் அங்கே சமைத்த சரோஜா அக்காவின் ரசமும் பிடித்துப் போயிருந்தன.

காலை ஐந்து மணிக்குத் தியானம். நான் பெரும்பாலும் தூங்கினேன், நிமிர்ந்து உட்கார்ந்தபடி. பிறகு பெருக்குவது, பூ மாற்றுவது, காய் நறுக்குவது. சாப்பிட்டதும் அவரவர் தட்டைக் கழுவக் கூடாது, வலப்பக்கம் இருப்பவரின் தட்டைத்தான் கழுவ வேண்டும். என் வலப்பக்கம் எப்போதும் தர்மலிங்கம் ஐயா. வழித்துச் சாப்பிடுவார், கழுவ ஒன்றுமே இருக்காது. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். நிலையத்தின் விதிகளை எல்லாம் நீல மையில் எழுதிச் சுவரில் ஒட்டியவரும் அவர்தான். அந்தத் தலைவர் இப்படியெல்லாம் எங்கும் சொல்லவில்லை. எல்லாம் ஐயாவின் சொந்தச் சரக்கு.

ஐயாவுக்கு மிகப் பிடித்த விதி ஞாயிறு மௌனம். விழித்ததிலிருந்து பகல் மணி அடிக்கும் வரை யாரும் பேசக் கூடாது. ஏதாவது வேண்டுமென்றால் சிலேட்டில் எழுத வேண்டும். மீறியவர் அன்று எல்லோருடைய தட்டையும் கழுவ வேண்டும். தொலைபேசி அடித்தால்? அதற்கும் விதி இருந்தது. எடுத்து, பேசும் முனையில் தேக்கரண்டியால் இரண்டு முறை தட்டிவிட்டு வைத்துவிட வேண்டும். 'இருக்கிறோம், பிறகு கூப்பிடுங்கள்' என்று அர்த்தம். தெரிந்தவர்களுக்கெல்லாம் அது தெரியும்.

ஒரு ஞாயிறு தொலைபேசி முறை என்னுடையது. மணி அடித்தது. எடுத்தேன். தூரத்துக் குரல், கடல் இரைவதுபோல் இடையில் ஒரு சத்தம். "அண்ணா? அண்ணா, நீங்களோ?" நான் கடமை தவறாமல் டக், டக் என்று தட்டிவிட்டு வைத்துவிட்டேன். விதியைக் காப்பாற்றிவிட்ட பெருமை வேறு.

பகல் மணி அடித்ததும் சொன்னேன். "ஐயா, காலைல ஒரு பொம்பள கூப்பிட்டாங்க. அண்ணான்னு சொன்னாங்க. உங்க ஊர்ப் பேச்சு."

ஐயா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். போரில் வீட்டை விட்டுக் கிளம்பிய அவருடைய தங்கையிடமிருந்து நான்கு வருடமாக ஒரு தகவலும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளிடம் இருந்தது இந்த எண் மட்டும். நான் அழுதுவிட்டேன். அவரோ சிரித்தார், கண்ணில் தண்ணீர் நிற்க.

"உயிரோட இருக்கிறாள், பிள்ளை! நீ ஏன் அழுறாய்? விதிப்படிதானே செய்தனி. அதை எழுதினவன் நான்."

அடுத்த ஞாயிறு அவரே தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு துண்டு, துடைத்துத் துடைத்துக் கறுப்புப் பெட்டி பளபளத்தது. அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அப்போதும் மௌனத்தைக் கலைக்கவில்லை, பிடிவாதக்காரர். நான் அந்த வாரம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. கடவுளிடம் கேட்டது, அந்தத் தலைவரிடம் கேட்டது எல்லாம் ஒன்றுதான், மறுபடி அடிக்க வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு அடித்தது. ஐயா எடுத்தார். வாயைத் திறப்பதற்குள், பதினொரு வருடப் பழக்கம், கை தானாகக் கரண்டியை எடுத்து டக், டக் என்று தட்டிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. வைத்துவிடுவாளே!

வைக்கவில்லை. ஐயாவின் முகம் மாறியது. ரிசீவரை என் பக்கம் நீட்டினார். அந்தப் பக்கமிருந்தும் டக், டக். பிறகு விசும்பல். "விளங்குது அண்ணா. உங்களால கதைக்க ஏலாது என்ன? எப்ப வந்த வருத்தம்? பரவாயில்ல, நீங்கள் தட்டுங்கோ, நான் கதைக்கிறன்."

அந்த முதல் டக், டக் கேட்டதிலிருந்து மூன்று வாரமாக அவள், அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது என்று கொழும்பில் அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

"எனக்கு வாய் நல்லா இருக்குதடி!" என்று ஐயா போட்ட சத்தத்தில் கீழே மளிகைக் கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார். "நீ சாப்பிட்டியோ? முதல் அதைச் சொல்லு!" சரோஜா அக்கா சிலேட்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அன்று ஒன்பது தட்டையும் ஐயாவே கழுவினார். ஒருவரையும் கிட்டே விடவில்லை. துடைக்க மட்டும் என்னை நிற்க விட்டார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் தண்டனை அனுபவித்து நான் பார்த்ததில்லை. மறுநாள் அந்தத் தொலைபேசி விதியின் மேல் நீல மையில் ஒரு கோடு இழுத்திருந்தார்.

இப்போது அந்த மாடி சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. ஐயா போய்விட்டார், அக்காவும் போய்விட்டார். நான் சுவா சூ காங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில், குடும்பத்தோடு இருக்கிறேன். ஞாயிறு காலையில் என் வீட்டிலும் மௌனம்தான், விதி ஒன்றும் இல்லாமலே. ஆளுக்கொரு கைபேசி, ஆளுக்கொரு அறை. அந்த மௌனத்தில் ஒன்பது பேர் இருந்தோம், இதில் யாரும் இல்லை.

தே ஆறிப் போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கரண்டியை எடுத்துக் குவளையில் இரண்டு முறை தட்டினேன்.

கடைக்காரர் திரும்பினார். "என்னக்கா, இன்னொரு தேயா? வாய்விட்டுச் சொல்லுங்க லா."